பசுவுக்கு ஒரு பொத்தான், எருமைக்கு ஒரு பொத்தான்

தாய்ப்பால் ஆராய்ச்சியின் எதிர்காலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், படித்தவர்கள் அமெரிக்கா என்பார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் ஜப்பான் என்பார்கள். இரண்டும் தப்பு. குஜிலியம்பாறையில் மினி பஸ் ஏறி, கண்டக்டர் விசில் ஊதாமலே வண்டி நிற்கிற இடத்தில் இறங்கினால், வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு பால் சொசைட்டி. உள்ளே ஒரு கால் உடைந்து செங்கல் முட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலியில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் உடையப்பன். வயது முப்பத்தொன்று. மீசை உண்டு. பிளஸ் டூ உயிரியலில் ஜஸ்ட் பாஸ். பிற்காலத்தில் உலக விஞ்ஞானிகள் எல்லாரும் கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்கி, தப்பான பஸ்ஸில் ஏறி வத்தலக்குண்டுக்குப் போய், அங்கே நின்று அழுது, திரும்பி வந்து, அந்த நாற்காலியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். திண்டுக்கல்லுக்குப் பூட்டால் வந்த பேரெல்லாம் அப்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சந்தேகம் உள்ளவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். மற்றவர்கள் செத்த நேரம் உட்காருங்கள்.

உடையப்பனின் வேலை பாலை டெஸ்ட் பண்ணுவது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஊரே தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும். இவன் ஒவ்வொரு வாளியிலும் கொஞ்சம் மொண்டு மெஷினின் குழாயில் காட்டுவான். மெஷின் ஒரு முனகல் முனகி, பாலில் கொழுப்பு எவ்வளவு என்று சிவப்பு எழுத்தில் சொல்லும். ஊரில் அதற்கு ஃபேட் என்று பேர். அந்த எண்ணை உடையப்பன் கோவில் தேங்காயை ஏலம் விடுகிறவன் மாதிரி உரக்கக் கூவுவான்.

"இருளப்பன், நாலு ரெண்டு!"

நாலு புள்ளி இரண்டு என்று அர்த்தம். நிறைய வந்தவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவான். குறைவாக வந்தவன் மாட்டைத் திட்டிக்கொண்டு போவான். அந்த ஊரில் பெண் பார்க்கப் போனால்கூட, "அவுக வீட்டுல எம்புட்டு ஃபேட்டு வருது?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஜாதகத்தைக் கையில் வாங்குவார்கள்.

தண்ணீர் கலந்து கொண்டுவருகிறவர்களுக்கு உடையப்பன் எமன். கத்த மாட்டான், திட்ட மாட்டான். மெஷினைத் தட்டிக்கொடுத்து ஒரே ஒரு வசனம் சொல்வான்:

"பால் பேசாது. மெஷின் பேசும்."

இந்த வசனத்தை அதிக தடவை வாங்கிக்கொண்டவள் கீழத்தெரு மூக்காயி. அவளுக்கு ஒரு பசு, நாலு ஆடு, ஊர் முழுக்க வாய். "மழையில வந்தேன் அப்பு, நாலு தூத்தல் விழுந்திருக்கும்" என்பாள். சித்திரை மாதத்து வெயில் அவள் தலைக்கு மேலே கொளுத்திக்கொண்டிருக்கும். உடையப்பன் மெஷினைத் தட்டிக்கொடுப்பான். மூக்காயி உதட்டைப் பிதுக்குவாள். "ஒனக்கு ஒரு நாளு வரும்டா அப்பு" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள்.

அந்த நாள் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு பிள்ளை வந்தது.

உடையப்பனின் மனைவி சௌந்தர்யா வத்தலக்குண்டுப் பக்கத்துப் பெண். சிறு வயதிலிருந்தே மாடு கறந்து பழகிய கை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் முடிந்து, நாலு மாதப் பெண் குழந்தையோடு திரும்பி வந்திருந்தாள். ஒத்தாசைக்கு அவளோடு ஒரு தம்பியும் வந்தான். அவனைப் பற்றி இங்கே சொல்வதற்கு ஒன்றுமில்லை. நல்ல பையன்.

அவள் வந்த வாரம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. பின்சீட்டில் நீலப் பெட்டி ஒன்று ரப்பர் கயிற்றால் கட்டியிருந்தது. குச்சி ஐஸ் என்று நினைத்துத் தெருப் பிள்ளைகள் ஓடிவந்தன. ஓட்டிவந்த பெண் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "ஐஸ் இருக்கு, குச்சி இல்ல" என்றாள். அவள் பெயர் ஜெஸ்ஸி. ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை. ஊர் ஊராகப் போய், பால் கொடுக்கிற தாய்மார்களிடம் அவர்கள் சம்மதித்தால் கொஞ்சம் தாய்ப்பால் வாங்கி, ஐஸில் வைத்து லேபுக்குக் கொண்டுபோவாள்.

"எதுக்குங்க?" என்றான் உடையப்பன். பால் சம்பந்தப்பட்ட எதுவும் தனக்குத் தெரியாமல் அந்த ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது என்பது அவன் எண்ணம்.

"அதுல என்னென்ன இருக்குன்னு பாக்க, அண்ணே."

"பால்ல என்ன இருக்கும்? ஃபேட்டு இருக்கும், தண்ணி இருக்கும். மூக்காயி கொண்டாந்தா ரெண்டாவது மட்டும் இருக்கும்."

ஜெஸ்ஸி சிரித்தாள். "இதுல ஒரு வகைச் சக்கரை இருக்கு அண்ணே. அது புள்ளைக்குச் செரிக்கவே செரிக்காது."

உடையப்பன் துள்ளி எழுந்தான். "செரிக்காத சக்கரையா? அப்ப அது கலப்படம்ல?"

"இல்லண்ணே. புள்ள வயித்துல நல்ல கிருமி கொஞ்சம் குடியிருக்கும். அதுகளுக்குச் சாப்பாடு அது."

"இது நல்லாருக்கே! எம் புள்ள பேரச் சொல்லிக் கிருமிக்குப் பந்தி நடக்குதா?"

"ஆமா. பந்தியில எந்தெந்தக் கிருமி உக்காருது, எது சண்டை போடுது, புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா பால் மாறுதா, பகலுக்கும் ராத்திரிக்கும் என்ன வித்தியாசம்... இதெல்லாந்தான் தேடுறாங்க. ஒரு காலத்துல ஒரு சொட்டு வச்சுப் பாத்தாப் போதும், புள்ள எப்படி இருக்குன்னு சொல்லிடலாமான்னு பாக்குறாங்க. இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது."

உடையப்பனின் காதில் கடைசி வாக்கியம் விழவில்லை. 'ஒரு சொட்டு வச்சுப் பாத்தா' என்பதோடு அவன் எங்கோ போய்விட்டான். ஊருக்கு ஊர் ஒரு தாய்ப்பால் சொசைட்டி. வரிசையில் தாய்மார்கள். மேசைக்குப் பின்னால் இவன், கோட்டுப் போட்டுக்கொண்டு. நாற்காலிக்கு நாலு காலும் ஒழுங்காக இருக்கிறது.

சௌந்தர்யா சம்மதித்தாள். ஜெஸ்ஸி ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்து, நாளை மறுநாள் காலையில் ஒரு பக்கத்துப் பாலை முழுதாக எடுத்து, கலக்கி, அதில் ஒரு பாட்டில் நிறைத்து ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று முழுவதும் உடையப்பன் சோற்றில் கை வைக்கவில்லை. கவலை. ஊர்ப் பாலுக்கெல்லாம் மார்க் போடுகிறவன் வீட்டிலிருந்து ஒரு பால் திண்டுக்கல்லுக்குப் போகிறது. அங்கே பெரிய பெரிய டாக்டர்கள். ஃபேட் குறைந்தால்?

மறுநாள் காலையில் மெதுவாக ஆரம்பித்தான். "சௌந்தர்யா, லேபுக்குப் போறதுக்கு முந்தி நம்ம மெஷின்ல ஒரு எட்டு பாத்துருவமா?"

"என்னத்த?"

"அதான்..."

அவள் சிரித்தாள். இவன் கிறுக்கு அவளுக்குப் பழகிப்போனது. பாப்பா பசியில் வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில், முதலில் வந்ததை ஒரு மருந்துக் குப்பியில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். "கொண்டு போங்க. ஃபேட்டு கம்மின்னு வந்து நின்னீங்க, கொன்னுருவேன்."

சொசைட்டியில் காலைக் கூட்டம் கலையும்வரை உடையப்பன் காத்திருந்தான். கதவைச் சாத்தினான். அது திரும்பத் திறந்துகொண்டது. அந்தக் கதவுக்கு அதுதான் பழக்கம். குப்பியை எடுத்து மெஷின்முன் வைத்தான். பிறகுதான் பிரச்சினை புரிந்தது.

மெஷினில் இரண்டே பொத்தான். ஒன்றில் பசு. இன்னொன்றில் எருமை.

உடையப்பனின் விரல் அந்தரத்தில் நின்றது. எட்டு வருடமாக இந்த மெஷினோடு குடும்பம் நடத்துகிறவன், அதைப் பார்த்து வேர்த்தது அன்றைக்குத்தான். இந்தப் பக்கம் அமுக்கினாலும் தப்பு, அந்தப் பக்கம் அமுக்கினாலும் தப்பு. ஆனால் தப்பிலும் ஒரு தராதரம் இருக்கிறது அல்லவா? எருமையை அமுக்கிவிட்டு அவளோடு ஒரே வீட்டில் மிச்ச ஆயுளைக் கழிக்க முடியாது. கண்ணை மூடி, குலசாமியைக் கும்பிட்டு, பசுவை அமுக்கினான்.

மெஷின் முனகியது. கண்ணைத் திறந்தான்.

இரண்டு புள்ளி ஒன்று.

மறுபடி துடைத்துப் பார்த்தான். இரண்டு புள்ளி ஒன்றுதான்.

"யாரு வீட்டு மாடு அப்பு இது? தண்ணியத் தொறந்து விட்டிருக்கு?"

வாளி மூடியை மறந்துவிட்டுப் போன மூக்காயி, அதை எடுக்க வந்து, அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது... புது மாடு" என்றான் உடையப்பன்.

"ஒன்னோடதா?"

என்ன சொல்வான் பாவம். "ஆமா. என்னோடதுதான்."

"எந்தச் சந்தையில புடிச்ச?"

"வத்தலக்குண்டுப் பக்கம்."

"ஏமாத்திப்புட்டாங்கடா ஒன்னய" என்று சொல்லிவிட்டு, மூடியை எடுத்துக்கொண்டு, மூக்காயி மிகுந்த சந்தோஷத்தோடு போனாள்.

வீட்டுக்கு வந்தவனிடம் சௌந்தர்யா, "என்ன, பாஸா ஃபெயிலா?" என்று கேட்டாள். "மெஷின் ரிப்பேரு" என்றான் உடையப்பன். சொல்லிவிட்டு நேராக எருமையிடம் போய் நின்றான். அவன் எருமைக்கு அல்லி என்று பேர். ஏழு ஃபேட்டுக்குக் குறைந்து கறந்ததில்லை. அன்று அல்லி அவனைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இளக்காரம் இருந்தது என்று அவன் பிற்பாடு சத்தியம் செய்தான்.

மறுநாள் காலையில் சௌந்தர்யா ஜெஸ்ஸி சொன்னபடியே எடுத்து, கலக்கி, பாட்டிலை நிறைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அடுத்த நிமிடம், எட்டு வருடமாக ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தவனைக்கூட விட்டுவைக்காத உடையப்பன், பாட்டிலைத் திறந்து பாதியைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினான். காலில் மிதிபடுகிற இடத்தில் தாய்ப்பாலை ஊற்றக்கூடாது என்கிற அளவுக்கு அவனுக்கு அறிவு இருந்தது. மீதிப் பாதிக்கு அல்லியின் பாலை ஊற்றி மூடினான். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். திக்காக இருந்தது. குடும்ப மானம் மாதிரி.

ஜெஸ்ஸி வந்தாள். பெட்டியில் வைத்தாள். போய்விட்டாள்.

சௌந்தர்யாவுக்கு அதன்பிறகு ராஜ உபசாரம். தினமும் ஒரு சொம்பு பருத்திப்பால். பூண்டுக் குழம்பு. எங்கிருந்தோ பால்சுறாக் கருவாடு; ஊரில் பூனைகள் எல்லாம் அவர்கள் வீட்டுப் பக்கம் குடிவந்தன. முருங்கைக்கீரை இல்லாத வெஞ்சனம் இல்லை. ஒரு நாள் பருத்திக்கொட்டை மூட்டையை இறக்கும்போது சௌந்தர்யா கேட்டாள்:

"மாமா, இது அல்லிக்கு வாங்குனதா, எனக்கு வாங்குனதா?"

"ரெண்டு பேருக்குந்தான்" என்றான் உடையப்பன், பாசத்தோடு.

அந்த வாரக் கடைசியில் மூக்காயி வந்தாள். வாசலில் நின்று தொழுவத்தை எட்டிப் பார்த்தாள். அல்லி மட்டும் அசைபோட்டுக்கொண்டு நின்றது.

"எங்கடி ஆத்தா புது மாடு?"

"எந்த மாடு?" என்றாள் சௌந்தர்யா.

"ஒம் புருசன் வத்தலக்குண்டுப் பக்கம் புடிச்சுட்டு வந்தானாமே. அன்னைக்கு ஒரு சின்னக் குப்பியில பாலக் கொண்டாந்து பாத்துக்கிட்டு இருந்தான். ரெண்டு ஒன்னுதான் ஃபேட்டு. பாவம், மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு. அதான் எப்பிடி மாடுன்னு பாத்துட்டுப் போகலாம்னு..."

சௌந்தர்யா அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தாள். அவள் தோளில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்த மூக்காயிக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஊர்ப்பட்ட வாயுள்ள மூக்காயி, வாயை மூடிக்கொண்டு போனது அந்த ஒரு தடவைதான்.

அன்று உடையப்பன் வீட்டுக்கு வந்தபோது சோறு இருந்தது, குழம்பு இருந்தது, சத்தம் இல்லை. சௌந்தர்யா சண்டை போட்டிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் சண்டை போடவில்லை. பாப்பா சாயங்காலம் ஆனால் நச்சு நச்சென்று அழுது, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாரைத் தேடும். எல்லாப் பிள்ளையும் செய்வதுதான். ஆனால் இப்போது அந்த அழுகை அவள் காதில் வேறு மாதிரி கேட்டது.

"பத்தலைல்ல அதுக்கு" என்றாள். "தண்ணிதான வருது. பவுடர் டின்னு வாங்கிட்டு வாங்க."

"இல்ல சௌந்தர்யா, அது வந்து..."

"மெஷின் ரிப்பேருன்னுதான சொன்னீங்க? வாங்கிட்டு வாங்க."

டின் வந்தது. முதலில் ஒரு வேளை. அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. பாட்டிலில் சுலபமாக இறங்கியதால் பாப்பாவுக்கு மாரில் பொறுமை போயிற்று. வாய் வைக்கும், இழுக்கும், முறைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பும். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். குடிக்காததால் சுரப்பும் குறைந்தது. சௌந்தர்யா சுவரைப் பார்த்துக்கொண்டு பாட்டிலைக் குலுக்குவாள். கேலி பேசிக்கொண்டே இருக்கிற வீடு அது. இப்போது அல்லி மட்டும்தான் சத்தம் போட்டது. உடையப்பன் சொசைட்டியில் எண்களை முனகினான். "என்னப்பா, சத்தமாச் சொல்லு, எங்க மாட்டுக்கு ரோசம் வரணும்ல" என்று ஜனங்கள் கேட்டார்கள். அவன் தலையைத் தூக்கவில்லை. தான் கூவிய ஒவ்வொரு எண்ணும் எத்தனை வீட்டில் சோற்றைக் கசக்க வைத்திருக்கும் என்று முதல் தடவையாக யோசித்தானோ என்னவோ. நாற்காலியின் செங்கல் நழுவி ஒரு தடவை கீழேயே விழுந்தான். அதற்கும் சிரிக்கவில்லை.

அப்புறம் ஸ்கூட்டர் வந்தது.

ஜெஸ்ஸி ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து உட்கார்ந்தாள். "அக்கா, ஒன்னு கேக்கணும். கோவப்படக்கூடாது. நீங்க கொடுத்த சாம்பிள்ல எருமை இருக்காம்."

"எருமையா?" என்றாள் சௌந்தர்யா.

"எருமைப் பாலு. லேப்ல கண்டுபிடிச்சிட்டாங்க. இம்புட்டு ஊரு சுத்துறேன், ஆட்டுப்பாலுகூட யாரும் ஊத்துனதில்ல. எங்க மேடம் கம்ப்யூட்டரப் பாத்து ரெண்டு தடவை கண்ணாடியத் தொடச்சாங்க."

அந்த நல்ல பையனையும் சேர்த்து, வீட்டில் மூன்று பேர் உடையப்பன் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பாவும் திரும்பியது. உடையப்பன் தொழுவத்துப் பக்கம் நகரப் பார்த்தான்.

"நில்லுங்க டெஸ்டர் சார்" என்றாள் சௌந்தர்யா. பல நாளுக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் முழு வாக்கியம். "பால் பேசாது. மெஷின் பேசும். பேசிருச்சு பாத்தீங்களா?"

உடையப்பன் எல்லாவற்றையும் கொட்டினான். குப்பி, மெஷின், ரெண்டு ஒன்னு, செம்பருத்தி, அல்லி. கடைசியில், "லேபுல ஒன்னயக் கொறச்சு நெனச்சுருவாங்களோன்னுதான் தாயி" என்றான்.

ஜெஸ்ஸி பவுடர் டின்னைப் பார்த்தாள், சௌந்தர்யாவைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். "அக்கா, ஃபேட்ட வச்சு யாரும் தாய்ப்பாலுக்கு மார்க்குப் போடுறதில்ல. பாப்பா எடை ஏறுதா? துணிய நல்லா நனைக்குதா? அம்புட்டுதான் பாக்கணும். நான் மொத வந்தப்பவே எடை போட்டேனே, நல்லாத்தான இருந்துச்சு." பிறகு உடையப்பன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க டெஸ்ட் பண்ணுனது முழுசா எடுத்துக் கலக்குனதா?"

"இல்லைங்க. புள்ள அழுதுச்சு. கொஞ்சமா ஒரு குப்பியில..."

"புள்ள குடிக்கிறதுக்கு முந்தி எடுத்தது அது" என்றாள் சௌந்தர்யா. சொன்னவள் அப்படியே நின்றாள். கண் சுருங்கியது. மெதுவாக உடையப்பனைப் பார்த்தாள்.

"மாமா. அல்லியோட மொதப் பீச்ச மட்டும் கொண்டுபோய் மெஷின்ல வச்சா என்ன காட்டும்?"

"அது எப்பிடி வைக்கலாம்?" உடையப்பனுக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. "மொதப் பீச்சு தண்ணியாத்தான் இருக்கும். மடி வத்தக் கறந்தாத்தான், கடைசிப் பாலுலதான் ஃபேட்டே..."

அங்கே நின்றுபோனான். வாய் மூடவில்லை.

இந்தக் கடைசிப் பால் வசனத்தை அவன் ஊரில் சொல்லாத ஆள் கிடையாது. "கன்னுக்குட்டிக்குக் கடைசிப் பால விட்டுட்டு எங்கிட்ட மொதப் பாலக் கொண்டாந்து ஃபேட்டு வரலைன்னா எப்பிடி?" என்று எத்தனை பேரை விரட்டியிருக்கிறான்! ஊரில் அத்தனை மாட்டுக்கும் தெரிந்த நியாயம், வீட்டுக்குள் வந்ததும் அவன் மண்டையை விட்டு எருமைமேல் ஏறிப் போய்விட்டது.

"கடைசிப் பாலு பூராவும் ஒங்க மக குடிச்சிட்டா" என்றாள் சௌந்தர்யா. "மொதப் பீச்சுக்கு நீங்க மார்க்குப் போட்டீங்க."

ஜெஸ்ஸிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இந்த மாறுறதத்தான் அக்கா லேப்லயும் தேடுறாங்க. தெரிஞ்சது கொஞ்சம். தெரியாததுதான் இந்தப் பெட்டி நெறைய."

"ஒங்களுக்கு வேற சாம்பிள் தாரேன் ஜெஸ்ஸி. எருமை இல்லாம" என்றாள் சௌந்தர்யா. "அதுக்கு முன்னாடி அந்த மெஷினுக்கு ஒன்னு கொடுக்கணும்."

"மார்க்கு முக்கியமில்லன்னு இப்பத்தானக்கா சொன்னேன்?"

"எனக்கு முக்கியமில்ல. மெஷினுக்கு முக்கியம். அது என்னயப் பத்தித் தப்பாப் பேசியிருக்கு."

மறுநாள் காலையில் அவள் பாப்பாவுக்குக் கொடுத்துப் பார்த்தாள். பாப்பா கொஞ்சம் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மிச்சம் இருந்ததைக் கடைசிவரை எடுத்து அதே மருந்துக் குப்பியில் ஊற்றி, உடையப்பன் கையில் கொடுக்காமல், தானே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொசைட்டிக்கு நடந்தாள். வரிசை வழிவிட்டது. குப்பியை மேசைமேல் வைத்தாள்.

"போடுங்க."

உடையப்பன் குழாயைத் துடைத்தான். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பசுவை அமுக்கினான். மெஷின் முனகியது, யோசித்தது, காட்டியது. உடையப்பன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். செங்கல் ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம்.

"சௌந்தர்யா!" என்று கூவினான். "அஞ்சு நாலு!"

மினி பஸ்ஸே நின்றுவிட்டது என்று சொல்கிறார்கள். வரிசையில் கைதட்டல். இருளப்பன் தன் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு மூக்காயி வந்தாள். குப்பியைப் பார்த்தாள், சௌந்தர்யாவைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள்.

"எல்லாஞ்சரி. எந்தப் பொத்தான அமுக்குன?"

"பசுதான் அத்தை! சத்தியமா பசு!"

"அன்னைக்கு?" என்றாள் சௌந்தர்யா.

"அன்னைக்கும் பசுதான் தாயி! கொலசாமி மேல ஆணை!"

"பொழச்சீங்க" என்று சொல்லிவிட்டு அவள் நடையைக் கட்டினாள். போகிற வழியில் அவள் தோள் குலுங்கியதை எல்லாரும் பார்த்தார்கள். சிரிப்புத்தான்.

ஆனால் பாப்பாவுக்கு எண் படிக்கத் தெரியாதே. அதற்கு மெஷின் என்ன சொன்னால் என்ன? அன்று சாயங்காலம், ஊர்ப் பால் எல்லாம் சொசைட்டிக்குப் போகிற நேரத்தில், அது அழ ஆரம்பித்தது. சௌந்தர்யா பாட்டிலை எடுக்கவில்லை. மடியில் போட்டாள். முகத்தைத் திருப்பியது. மறுபடி போட்டாள். உதைத்தது, முதுகை வளைத்தது, முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. "சரி, கோவந்தான். அப்பன் பண்ணுன வேலைக்கு எங்கிட்ட ஏண்டி கோவம்?" என்று சொல்லிக்கொண்டே அவள் நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி நடந்தாள். டின் அலமாரியில் கையெட்டுகிற உயரத்தில் இருந்தது. அவள் அதை ஒரு தடவை பார்த்தாள். கைகூட நீண்டது. பிறகு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் ஒரு தடவை பிள்ளையை எடுத்து அணைத்தாள்.

அழுகை நின்றது. ஒரு விக்கல். அப்புறம் 'க்ளுக்', 'க்ளுக்' என்று விழுங்குகிற சத்தம். ஒரு குட்டிக் கை மேலே வந்து அவள் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டது. கடைசிப் பால்வரை குடித்துவிட்டு, வாய் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு வழிய, பாப்பா குடிகாரன் மாதிரி தலை தொங்கித் தூங்கிப்போனது. சௌந்தர்யா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த உடையப்பன், வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, சட்டை நுனியில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான். அல்லி தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது. இந்தத் தடவை இளக்காரம் இல்லை. தாய்ப்பால் ஆராய்ச்சியின் எதிர்காலம் மூக்கு ஒழுக நின்றுகொண்டிருந்தது.

இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம் என்று இதை எழுதியவன் முடிவு செய்து, பேனாவை மூடினான். அப்போது தோளுக்கு மேலே ஒரு மீசை நீண்டது. எவ்வளவு நேரமாக நீண்டிருந்ததோ.

"ஏலே மாப்ளே" என்றான் உடையப்பன். "அக்கா புருசன ஆதியோட அந்தமா 'அவன் இவன்'னு எழுதியிருக்க. சரி. உயிரியல்ல ஜஸ்ட் பாஸுன்னு எழுதியிருக்க. நீ அதுவும் இல்ல. அதும் சரி. பொத்தான் சமாச்சாரத்த ஊருக்கே எழுதிவச்சிருக்க. பரவால்ல, ஊருக்குத் தெரிஞ்சதுதான்."

விரலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்தான்.

"சாயங்காலம் பால் ஊத்துற நேரத்துல நான் எங்கடா இருப்பேன்? எட்டு வருசமா எங்க இருக்கேன்? பால் லாரி வந்து போறவரைக்கும் சொசைட்டிய விட்டு அசைய முடியுமா என்னால? பாப்பா குடிச்சத உங்கக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்."

எழுதியவன் பேனா மூடியைத் திறந்தான், மூடினான்.

"அப்ப ஜன்னல் வழியாப் பாத்துப்புட்டு, வைக்கோப் போருக்குப் பின்னாடி நின்னு சட்டையில மூக்கச் சிந்தின அந்த உடையப்பன் யாருடா?"

சட்டை நுனியை அவசரமாக இடுப்புக்குள் செருகிக்கொண்ட எழுதியவனுக்கு, அல்லிக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது அப்போதுதான் திடீரென்று ஞாபகம் வந்தது.